முன்கண்ணாடியில் கான்கிரீட் சொட்டுக் கறை, பழைய ரோட் டேக்ஸ் பசை: எதைப் போட்டால் போகும்?

செந்தூல்வாசி (கேள்வி):
வணக்கம். கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பு) என் பார்க்கிங் இடத்துக்கு நேர் மேலே கூரையில் ஒரு விரிசல். மழை பெய்தால் அங்கிருந்து காரின் முன்கண்ணாடியில் சொட்டுகிறது. காய்ந்ததும் வெள்ளைக் கறை. துளி விழுந்த இடத்தில் தடிப்பாகவும், வழிந்த இடத்தில் வால் மாதிரி மெல்லிசாகவும் இருக்கிறது. நகம் பட்டால் சொரசொரக்கிறதே தவிர பெயரவில்லை. கார் ஷாம்பு, கண்ணாடி ஸ்ப்ரே எதற்கும் மசியவில்லை. கார் வாஷில் கொடுத்தேன். ஈரமாக இருந்தவரை பளிச்சென்று இருந்தது, காய்ந்ததும் பழையபடி தெரிகிறது. அம்மாவை விடியற்காலையில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். எதிர் வண்டி விளக்கு பட்டால் கண்ணாடி மங்கிவிடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, உள்பக்கம் இடது மூலையில் ரோட் டேக்ஸ் (சாலை வரி) ஸ்டிக்கர் பசை. மலேசியாவில் 2023 பிப்ரவரியிலிருந்து ஒட்ட வேண்டாம் என்று ஆனதும் உரித்துவிட்டேன். காகிதம் வந்தது, பசை வரவில்லை. தூசி ஒட்டிக் கறுத்துக் கிடக்கிறது. பிளேடு போடலாமா?

கெப்போங் அண்ணன்:
தம்பி, பசைக்குத் தின்னர் போதும். வெள்ளைக் கறைக்கு பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஊற்றித் தேய்த்தால் போய்விடும். ரெண்டும் ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும்.

பூச்சோங் பட்டறை:
அண்ணே, மன்னிக்கணும், இரண்டுமே வேண்டாம். பாத்ரூம் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது வைப்பர் தண்டிலும் பானட் ஓரத்திலும் வழிந்தால் துரு பிடிக்கும். கூரை போட்ட பார்க்கிங்கில் காற்றோட்டமும் குறைவு, அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. தின்னர் டேஷ்போர்டில் சொட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

செந்தூல் தம்பி, உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு வேறு சரக்கு. வெளிப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கறை சுண்ணாம்பு. மழைத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கும்போது அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு வரும். வெளியே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். சோப்புக்கு அது கரையாது, லேசான அமிலத்துக்குத்தான் கரையும். ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் தெரிகிறது என்றீர்களே, கறை கரையவே இல்லை என்று அர்த்தம்.

சமையலுக்கு வாங்கும் வெள்ளை வினிகர் போதும். காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடி சூடாக இல்லாதபோது செய்யுங்கள். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மணலைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் துடைக்கும்போது அதுவே கீறிவிடும். டிஷ்யூவை வினிகரில் நனைத்துக் கறைமேல் ஒட்டி வையுங்கள். பத்து நிமிஷம் போல விடுங்கள், காய விடாதீர்கள். கிட்டே பார்த்தால் ஓரங்களில் பொடிப்பொடியாகக் குமிழ் வரும். சுண்ணாம்பு கரைகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். குமிழ் நின்றதும் துடைத்து, மறுபடி புது டிஷ்யூ. தடிப்பான இடத்துக்குப் பல தடவை வைக்க வேண்டியிருக்கும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். முடிந்ததும் பெயின்ட், வைப்பர் ரப்பர் எல்லாம் நன்றாக அலசிவிடுங்கள். அதுவரை காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

'வாட்டர் ஸ்பாட் ரிமூவர்' என்று வரும் பாட்டில்களில் சிலவற்றில் ஃபுளோரைடு அமிலங்கள் இருக்கும். அது கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் ரொம்ப ஆபத்து. லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பசைக்குப் பதில் சொல்லும் முன் ஒன்று கேட்கணும். முன்கண்ணாடிக்கு டின்டட் (வெயிலைக் குறைக்கும் ஃபிலிம்) ஒட்டியிருக்கிறீர்களா?

செந்தூல்வாசி:
ஆமாம் அண்ணே, உள்பக்கம் முழுக்க டின்டட்.

பூச்சோங் பட்டறை:
அப்படியென்றால் பிளேடு பேச்சே வேண்டாம். பசை இருப்பது கண்ணாடிமேல் அல்ல, டின்டட் ஃபிலிம்மேல். ஒரு கீறல் விழுந்தாலும் ஃபிலிம் போச்சு. அமோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரேயும் அதற்கு ஆகாது. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்துப் பசையை இளக்கி, விரலில் துணி சுற்றி உருட்டி எடுங்கள். மிச்சத்துக்கு ஃபார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒற்றுங்கள். முதலில் ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பாருங்கள்.

டோல் கட்டணம் தானாகக் கழிய ஒட்டும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் பக்கத்தில் இருந்தால் அதன்மேல் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பெயர்ந்தால் திரும்பப் பயன்படாது.

பினாங்கு அக்கா:
ஐசோபுரோப்பைல் இல்லாத வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்குமே. பழைய அபார்ட்மென்ட் ஸ்டிக்கர் பசையை அதில்தான் எடுத்தேன். தடவி ஊறவிட்டால் பசை கொழகொழவென்று ஆகிவிடும், அப்புறம் துணிக்கே வந்துவிடும். பிறகு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க மறக்காதீங்க, இரவில் வெளிச்சம் பட்டால் அது இன்னும் மோசமாகக் கூசும்.

வங்சா மாஜு தங்கச்சி:
கறையை எடுத்தாலும் சொட்டு நிற்காதே. கூரை பொதுச் சொத்து என்றால் 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாகச் சட்டப்படி அதைப் பராமரிப்பது மேனேஜ்மென்ட் பொறுப்பு. விரிசலையும் கண்ணாடியையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னால் பதிவே இருக்காது. சரி செய்யும்வரை வேறு பார்க்கிங் கேளுங்கள். அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் கடுமையான காரத்தன்மை உள்ளது, கண்ணாடியைவிட பெயின்ட்தான் முதலில் கெடும்.

செந்தூல்வாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பசை சுத்தமாகப் போய்விட்டது, டின்டட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைக் கறையும் பெரும்பாலும் கரைந்துவிட்டது, குமிழ் வந்ததைப் பார்த்தபோதுதான் நிம்மதி. மேனேஜ்மென்டுக்கு எழுதியிருக்கிறேன், தற்காலிகமாக வேறு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் டிரைவர் பக்கம் இரண்டு இடத்தில் மங்கலாக வட்டம் தெரிகிறது. விரல் வைத்தால் வழவழவென்று இருக்கிறது, வினிகர் வைத்தால் குமிழும் வரவில்லை.

பூச்சோங் பட்டறை:
அங்கே சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது தம்பி. காரம் ரொம்ப நாள் உட்கார்ந்து கண்ணாடியையே லேசாக அரித்திருக்கிறது. இனி வினிகர் வைத்துப் பயன் இல்லை. சீரியம் ஆக்சைடு (கண்ணாடியை மெருகேற்றும் பவுடர்) பாலிஷ்தான் வழி. ஆனால் டிரைவர் பார்வைக்கு நேரே இருப்பதால் கையால் முயற்சி செய்யாதீர்கள். ஒரே இடத்தில் அதிகம் தேய்த்தால் கண்ணாடி குழிந்து, வெளியே தெரிவது வளைந்து தெரியும். கண்ணாடி பாலிஷ் செய்து பழகிய கடையில் காட்டுங்கள், பவுடரை ஈரமாகவே வைத்து மெஷினில் செய்யச் சொல்லுங்கள். ஆழமாக இருக்கிறது, எடுத்தால் வளையும் என்று அவர்கள் சொன்னால் கண்ணாடியை மாற்றிவிடுங்கள், விடியற்காலை இருட்டில் அம்மாவை வைத்து ஓட்டுகிற வண்டி அது.