மறு: "இன்கம்பென்ட்" - ஆதிக்க நிறுவனமா, முன்னாள் ஏகபோகமா?

அன்பு நண்பர்களே,

> "ஆதிக்க நிறுவனம்" என்றே போட்டுவிடலாம். எளிதாகப் புரியும்.

நம் கலைச்சொல் பட்டியலில் "இன்கம்பென்ட்" என்ற ஆங்கிலத் தொலைத்தொடர்புச் சொல்லுக்கு வந்த யோசனை இது. புரியும்தான், ஆனால் வேறு ஏதோவாகப் புரியும். தொலைத்தொடர்புச் சட்டத்தில் சந்தை ஆதிக்கம் என்பது ஒழுங்காணையம் (துறையை மேற்பார்வையிடும் அமைப்பு) ஒவ்வொரு சந்தையாக ஆராய்ந்து நிறுவ வேண்டிய விஷயம். நாம் பெயர் தேடுவது, தனி உரிமைக் காலத்திலிருந்தே உட்கார்ந்திருக்கும் பழைய நிறுவனத்துக்கு.

போலந்தை எடுத்துக்கொள்வோம். கம்யூனிச ஆட்சி போனபின், அஞ்சலும் தொலைபேசியும் ஒன்றாக இருந்த அரசு அமைப்பைப் பிரித்து, 1991 இறுதியில் டெலிகொமுனிகாட்சியா போல்ஸ்கா உருவானது. 2000இல் பிரான்ஸ் டெலிகாம் அதில் கணிசமான பங்கு வாங்கி நுழைந்தது. ஆகவே "அரசு நிறுவனம்" அடிபடுகிறது. "முன்னாள் ஏகபோகம்"? உள்ளூர்ச் சேவையில் போட்டியாளர்கள் வந்தபிறகும், வெளிநாட்டு அழைப்புகளில் அதன் தனியுரிமை 2002 முடியும்வரை நீடித்தது. பாதி இந்நாள், பாதி முன்னாள். அதுவும் சரிவராது.

போலந்துக்காரர்கள் சொல்வது "ஒபெராடோர் ஸாஷெஜாவி". நெடுநாள் உட்கார்ந்து ஊறிப்போனவர் என்று பொருள். நிலத்தை நெடுநாள் வைத்திருந்தே சொந்தமாக்கிக்கொள்வதற்கு அவர்கள் சட்டத்தில் உள்ள சொல்லும் இதே வேரிலிருந்து வருவதுதான். நம் சிவில் வழக்குகளில் வரும் அனுபவ பாத்தியதை! "அனுபவ நிறுவனம்" என்று வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் படிப்பவர் "அனுபவமுள்ள நிறுவனம்" என்று பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

"முன்னிருப்பு நிறுவனம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கணினிக்காரர்கள் "டீஃபால்ட்"டுக்கு அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என் பரிந்துரை "வேரூன்றிய நிறுவனம்". இப்படிப்பட்ட நிறுவனத்தின் பலமே மண்ணுக்குள் கிடக்கும் தொலைபேசிச் செம்புக் கம்பிதான். வீடுவரை போகும் அந்தக் கம்பியைப் புதியவர் இன்னொரு முறை புதைக்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். அங்கேதான் பழைய நிறுவனத்தின் இழுத்தடிப்பு. பேச்சுவார்த்தையைத் தள்ளிப்போடுவது, விண்ணப்பங்களை நிராகரிப்பது, கம்பிகள் பற்றிச் சரியான தகவல் தராதது. இதற்காகவே 2011இல் ஐரோப்பிய ஆணையம் டெலிகொமுனிகாட்சியா போல்ஸ்காவுக்கு சுமார் 12.75 கோடி யூரோ அபராதம் போட்டது. அதற்கு முன்பே போலந்தின் ஒழுங்காணையத் தலைவர் ஆன்னா ஸ்ட்ரெஜின்ஸ்கா, போட்டியாளர்களுக்குக் கம்பி வாடகைக்கு விடும் மொத்த விற்பனைப் பிரிவைத் தனியாகப் பிரித்துவிடுவேன் என்று நெருக்கினார். 2009 அக்டோபரில் உடன்பாடு வந்தது. பிரிவினை தவிர்ந்தது, பதிலுக்கு 12 லட்சம் அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணைப்புகள் என்று வாக்குறுதி.

இருபது வருடம் ஓடிய செல்பேசி நிறுவனமும் வேரூன்றியதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது போட்டியில் முளைத்தது, இது ஏகபோகத்தில் வேர்விட்டது என்று விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும் என நினைக்கிறேன்.

சரி, அந்தக் கம்பியைப் போட்டியாளருக்கு வாடகைக்குத் திறந்துவிடும் "அன்பண்ட்லிங்"குக்கு "கட்டவிழ்ப்பு" என்று போன வாரமே முடித்துவிட்டோமா, இல்லையா? என் பட்டியலில் அது இன்னும் காலியாகவே இருக்கிறது.