பனிக்குள்ளே பாண் போடுகிறவர்கள்

முறிகண்டியான்: நேற்று கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஒருவர் இங்கே எழுதியதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. பனிக்காலத்தில் அவர் பாண் போடாவிட்டால் வாத்தெல்லாம் செத்துப்போகுமாம், வன்னியில் ஒருவருக்கும் பறவையில் இரக்கம் இல்லையாம். புரட்டாதிச் சனிக்குக் காகத்துக்கு வைக்காமல் வன்னியில் எந்த விரதகாரர் சோற்றில் கை வைக்கிறார்? சரி, அதை விடுங்கள். பாண் எதற்கு? குளிர் தாங்கக் கொழுப்பு வேண்டும். அங்கே விவரம் தெரிந்தவர்கள் கறுப்புச் சூரியகாந்தி விதையும் மாட்டுக் கொழுப்பும் வைக்கிறார்கள். பாணில் வயிறுதான் நிரம்பும்.

ஸ்காபரோவாசி: ஒன்ராறியோ ஏரிக்கரை உறைந்து கிடக்கும்போது பாண் பையைத் திறந்தாலே வாத்து காலடிக்கு ஓடி வருகிறது. பசி இல்லாமலா? வெயிலில் இருந்துகொண்டு எனக்குப் பனி படிப்பிக்க வேண்டாம்.

முறிகண்டியான்: பிள்ளையும்தான் ரொபிக்கு ஓடி வரும், அதற்காக மூன்று நேரமும் ரொபியா கொடுப்பீர்கள்? அங்கே சிக்கடி என்று ஒரு குருவி, பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். இலை கொட்டும் காலத்திலேயே விதைகளை மரப்பட்டை இடுக்கில் ஒளித்து வைத்துவிடும், இரவில் உடம்புச் சூட்டைப் பத்துப் பாகை மட்டில் இறக்கிக்கொண்டு கிடந்து விடிந்ததும் தேடித் தின்னும். உங்கள் பாணை நம்பியா அது இருக்கிறது?

கட்டுக்கரைக்குளம்: வடக்கு உறைய முன்னமே ஊசிவால் வாத்து மன்னாருக்கு வந்துவிடுகிறது. மார்கழியில் வங்காலைப் பக்கம் போய்ப் பாருங்கள், யார் பாண் போடுகிறார்கள்?

ஸ்காபரோவாசி: அவை ஆசியாவின் வடக்கில் இருந்து வருபவை, கனடா வாத்து இல்லை. போன வருசம் மஞ்சள் மூக்கு நாரையைப் படம் பிடித்துப் பூநாரை என்று போட்டவர்தானே நீங்கள்?

கட்டுக்கரைக்குளம்: இறகில் சிவப்பு இருந்தது, போட்டேன். இன்னும் எத்தனை வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவீர்கள்?

வவுனிக்குளத்தாள்: அண்ணைமாரே, தீனிப் பெட்டிக்கு வரும் பறவைகளை வீட்டுக்காரர்களே எண்ணும் வேலை 1976இல் ஒன்ராறியோவில்தான் தொடங்கியது, 1987இல் வட அமெரிக்கா முழுக்கப் போனது. பெட்டியைக் கழுவுங்கள், எச்சம் ஊறினால் நோய் பரவும் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே?

ஸ்காபரோவாசி: தங்கச்சி, நான் போடுவது பிறவுண் பாண்.

முறிகண்டியான்: பிறவுண் பாணும் பாண்தான்! ஒரு பை விதை வாங்க மனமில்லாதவர், வன்னிக்காரருக்கு இரக்கம் இல்லை என்று எழுதியதை முதலில் அழிக்கட்டும்.

ஸ்காபரோவாசி: அழிக்க மாட்டேன். நாளைக்கும் போடுவேன்.