வேவுப் பிரிவிலிருந்து வந்த அண்ணன் வீட்டில் ஒட்டவே மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

இளையவன்77 கேட்டது:

வணக்கம். என் அண்ணன் ராணுவத்தில் வேவுப் பிரிவில் இருந்தார். சாதாரணக் காலாட்படையில் சேர்ந்து, தேர்வுப் பயிற்சியில் கூட வந்தவர்களில் பெரும்பாலோர் கழன்றுகொண்ட பிறகும் தாக்குப்பிடித்து அந்தப் பிரிவுக்குள் போனவர். பணி முடிந்து வந்து ஓராண்டு ஆகப்போகிறது.

கத்துவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. குடியும் எப்போதாவதுதான். ஆனால் ஆள் இங்கே இல்லாத மாதிரியே இருக்கிறார். சாயங்காலம் இருட்டத் தொடங்கினால் உட்காரமாட்டார், ஜன்னல் ஓரம் போய் நின்றுவிடுவார். ராத்திரி இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை எழுந்து வீட்டைச் சுற்றி வருகிறார். நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறார். அண்ணிக்கு இதுதான் பெரிய வருத்தம், தன் வீட்டாரை மதிக்கவில்லை என்று நினைக்கிறார்.

வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. நடந்ததை மனம்விட்டுப் பேசினால்தான் தெளியும் என்கிறார் ஒரு நண்பர். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டால், "எனக்கு என்ன கேடு, நல்லாத்தானே இருக்கேன்" என்று முடித்துவிடுகிறார். இந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

பழைய வயர்லெஸ்காரன் எழுதியது:

தம்பி, நானும் அப்படி ஒரு பிரிவில் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்து திரிந்தவன்தான். எந்தப் படை, எந்த எல்லை என்பதெல்லாம் வேண்டாம். இந்த வேலை எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு விசித்திரமாக எதுவும் படவில்லை. உங்கள் அண்ணன் இன்னும் டியூட்டியில் இருக்கிறார், அவ்வளவுதான்.

சிறப்புப் படை என்றதும் கதவை உடைத்துக்கொண்டு பாய்வதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். வேவு வேலையில் துப்பாக்கி வெடித்தால் பெரும்பாலும் காரியம் கெட்டது என்று அர்த்தம். நாலைந்து பேர் போவோம். கிளம்புமுன் முழுச் சுமையோடு நின்ற இடத்தில் குதிக்கவேண்டும். எங்காவது 'கிணிங்' என்றால் பையை இறக்கி, அந்த வளையத்துக்கு டேப் சுற்றிவிட்டு மறுபடி குதிக்கவேண்டும். வாசனை சோப்பு, சிகரெட் எல்லாம் முன்கூட்டியே நிறுத்தம். காட்டில் ஆளைக் காட்டிக்கொடுப்பதில் வாசனைக்குப் பெரிய பங்கு உண்டு. இறக்கிவிட்ட வண்டியின் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் உடனே நகரமாட்டோம். படுத்தபடி கால்மணி நேரமாவது காது கொடுத்துக் கேட்போம். எந்தப் பூச்சி கத்துகிறது, எது கத்திக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று நிற்கிறது என்று பார்த்துத்தான் நடை. தங்கப்போகும் இடத்துக்கும் நேராகப் போவதில்லை. தாண்டிப் போய், வளைந்து திரும்பி, நாங்கள் வந்த தடமே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி படுப்போம். பின்தொடர்ந்து வருகிறவன் எங்களைக் கடந்துதான் போயாகவேண்டும்.

மறைவிடத்துக்குள் போய்விட்டால் அடுப்பு கிடையாது, பேச்சு கிடையாது, எல்லாம் கைஜாடை. கழிவைக்கூடப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வரவேண்டும். ஒருவர் தொலைநோக்கியில், ஒருவர் குறிப்பேட்டில், மற்றவர்கள் தூக்கம். தூக்கம் என்றால் இரண்டு மணிநேரத் துண்டு. தோளில் கை பட்டதும் மூச்சுச் சத்தம்கூட மாறாமல் எழுந்திருக்கவேண்டும். குறட்டை விட்டால் மூக்கைப் பிடித்துவிடுவார்கள். விடியலிலும் அந்தியிலும் அந்தத் துண்டும் கிடையாது. வெளிச்சம் மாறுகிற நேரத்தில்தான் தாக்குவார்கள் என்பது பழைய கணக்கு. அதனால் காலையில் முழுக்க வெளுக்கும்வரை, மாலையில் முழுக்க இருட்டும்வரை எல்லோரும் ஆயுதத்தோடு அவரவர் திசையைப் பார்த்துக் கிடப்போம்.

இப்போது அவர் சாயங்காலம் ஜன்னலுக்குப் போவதை யோசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிநேரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1940ல் எகிப்தில் ரால்ஃப் பேக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு பாலைவன வேவுப் படையைத் தொடங்கினார். லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்று பெயர். 1942ல் அவர்கள் லிபியாவின் கடலோரச் சாலையை மாதக்கணக்கில் கண்காணித்தார்கள். விடியுமுன் இரண்டு பேர் சாலைக்குச் சில நூறு மீட்டர் தள்ளி வந்து படுப்பார்கள், இருட்டும்வரை எழக்கூடாது. லாரி எத்தனை, டாங்கி எத்தனை, எந்தப் பக்கம் போகிறது என்று குறிப்பதுதான் வேலை. ஜெர்மன் தளபதி ரோமலின் படைக்கு என்ன வந்து சேர்கிறது என்று கெய்ரோவில் இருந்த பிரிட்டிஷ் தலைமையகம் தெரிந்துகொண்டதில் அந்தக் குறிப்புகளுக்கும் பங்கு உண்டு. எனக்குப் பிடித்த படை அது. நாள் முழுக்க வெயிலில் கிடந்து லாரி எண்ணியவனுக்கு யார் சிலை வைக்கப்போகிறார்கள்!

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், அசையாமல் கிடந்து கவனிப்பதற்காகவே வருடக்கணக்கில் பழக்கிய உடம்பு அது. ரோந்து முடிந்து திரும்பினால் குளியல், தூக்கம் எல்லாம் அப்புறம். முதலில் உட்காரவைத்துக் கேட்டுவிடுவார்கள்: எத்தனை பேர், என்ன செய்தார்கள், எங்கே, எப்போது, கையில் என்ன வைத்திருந்தார்கள். நாம் சொல்லச்சொல்ல எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்வார், வரைபடத்தை மடித்து வைப்பார். அத்தோடு அந்த ரோந்து தலையைவிட்டு இறங்கிவிடும். பணியை விட்டு வரும்போது அப்படி யாரும் உட்காரவைப்பதில்லை. பொருள்களை ஒப்படைத்தோம், நாலு தாளில் கையெழுத்து, முடிந்தது. காவலை இன்னொருவன் வந்து வாங்கிக்கொள்ளாமல் எப்படி விடுவது?

அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அண்ணனைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. துப்பாக்கி, வெடி, ஹெலிகாப்டர் எல்லாம் சேர்ந்து உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான் முதலில் தின்னும். அமைதியான அறையில் ஒருவர் பேசினால் நன்றாகவே கேட்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வெறும் இரைச்சல், சொல் பிரியாது. கூடவே காதுக்குள் ஓயாத ரீங்காரம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு இழப்பீடு வழங்கப்படும் பாதிப்புகளில் முதலிடம் இந்த ரீங்காரத்துக்குத்தான். எனக்கும் அதே கதை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு என் மனைவி பேசினால் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். காதுக் கருவி வைத்த பிறகு வீட்டில் பாதிச் சண்டை குறைந்தது. மீதிப் பாதிக்கு இன்னும் கருவி கண்டுபிடிக்கவில்லை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மனநல மருத்துவர் என்றால் வரமாட்டார். காது, முட்டி, முதுகு என்றால் வருவார். நாற்பது கிலோவுக்கு மேல் சுமந்து நடந்தவருக்கு முட்டி வலி இல்லாமலா இருக்கும்? அந்த வாசல் வழியாக உள்ளே போங்கள்.

'மனம்விட்டுப் பேசு' என்று நச்சரிக்காதீர்கள். எத்தனை பேரைச் சுட்டாய் என்று யாரையும் கேட்க விடாதீர்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள். ராத்திரி நீங்களே பூட்டைப் பார்த்துவிட்டு, "முன்கதவு, பின்கதவு, மாடிக் கதவு பார்த்தாச்சு, இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் படுங்கள்" என்று ஒப்பித்துவிடுங்கள். விவரமாகச் சொல்லவேண்டும். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றால் நம்பமாட்டார், நானும் நம்பமாட்டேன்.

ஜன்னலோரம் எழுதியது:

என் கணவரும் இதே வேலையில் இருந்தவர். வயர்லெஸ்காரர் ஐயா சொன்னதெல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தது, காது உட்பட. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரரை அரித்தது அவர் சுட்டதோ சுடப்பட்டதோ இல்லை. ஒரு மறைவிடத்தில் கிடந்தபோது கீழே ஒரு குடும்பத்துக்கு நடந்த கொடுமையைத் தொலைநோக்கியில் முழுக்கப் பார்த்திருக்கிறார். வெளியே வந்தால் குழுவே மாட்டிக்கொள்ளும், அசையாதே என்று உத்தரவு. நேரத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். பல வருடம் கழித்துத்தான் எனக்கே சொன்னார். அதற்கு முன்னால் நான் எத்தனையோ விதமாகக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

அவரை டாக்டரிடம் கூட்டிப் போனதும் நான் இல்லை. கூட வேலை பார்த்த நண்பர் ஒருநாள் வந்தார். "நான் போகிறேன், துணைக்கு வா" என்றார், இவரும் உடனே கிளம்பிவிட்டார். அண்ணனின் பழைய குழுவில் யாரையாவது தெரிந்தால் கூப்பிடுங்கள், தம்பி.

நீலச்சட்டை எழுதியது:

முன்னாள் படைவீரர்களுக்கான மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். வயர்லெஸ்காரர் சொன்னதில் பெரும்பாலானவை சரி, ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பூட்டைப் பார்த்துச் சொல்வது முதல் சில வாரங்களுக்கு நல்லதுதான். ஆனால் வீடே அவருக்காகக் காவல் காக்க ஆரம்பித்தால், காவல் தேவைதான் என்று அவர் மூளைக்கு நாமே சொன்னதாகிவிடும். ஒரு பூட்டு மூன்று பூட்டாகும், பிறகு விருந்தாளி வரக்கூடாது என்று ஆகும். இப்படிப்பட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு இருப்பது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஉளைச்சல் நோய்தானா என்று இங்கே யாரும் தீர்மானிக்கமுடியாது. இருந்தால் நல்ல சிகிச்சைகள் உண்டு. 1980ல்தான் இந்த நோய் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பிடித்தது. அதற்குப் பிறகு நிறைய முன்னேற்றம். தவிர்த்து வந்த நினைவையும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் முறை, அந்த நிகழ்வைப் பற்றி மனத்தில் உறைந்துபோன முடிவுகளைக் கேள்வி கேட்கும் முறை, கண்ணசைவோடு செய்யும் முறை என்று மூன்று முக்கியமானவை. பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில் முடியக்கூடியவை. பயிற்சி பெற்றவரிடம்தான் செய்யவேண்டும், வீட்டில் கிளறுவது சிகிச்சை ஆகாது.

ஜன்னலோரம் அக்கா சொன்னது வேறொரு வகைக் காயம். பயம் அதில் முக்கியமில்லை, தன் மனசாட்சிக்கு எதிராக நின்றுவிட்டோம் என்கிற பாரம். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களோடு வேலை செய்த மருத்துவர் ஜொனதன் ஷே 1990களில் இதைப் பற்றி நிறைய எழுதினார். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியிருந்தவர்களிடம் இதை அதிகம் காண்கிறேன். "உன் மேல் தப்பில்லை" என்று அவசரமாகச் சமாதானம் சொன்னால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

தூக்கத்துக்குத் தனியாக வழி உண்டு: தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையில் விழித்துக் கிடக்காமல் இருப்பது. கேட்க எளிது, முதல் இரண்டு வாரம் கஷ்டம். தூக்கத்தில் மூச்சுத் திணறல் இருக்கிறதா என்றும் பரிசோதியுங்கள். டயாசெபாம் மாதிரி பதற்றம் தணிக்கும் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் சொன்ன மனஉளைச்சல் நோய்க்கு அந்த வகை வேண்டாம் என்றுதான் அமெரிக்க ராணுவ மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. பழகிப்போகும், சிகிச்சையையும் மந்தமாக்கும்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் இப்போதைக்கு வேறு இடத்துக்கு மாற்றுங்கள். சாவைப் பற்றி யோசிக்கிறாரா என்று ஒருநாள் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்றே மருத்துவமனை, தனியாக விடக்கூடாது.

இளையவன்77 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காது விஷயத்தை அண்ணியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், "அதான் டிவி சத்தத்தை அவ்வளவு வைக்கிறாரா" என்றார். அண்ணனும் காது பரிசோதனைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வீட்டில் துப்பாக்கி எதுவும் இல்லை. நேராகக் கேட்பதற்குத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. இந்த வாரம் கேட்டுவிடுகிறேன். அவருடைய பழைய நண்பர் ஒருவரின் எண்ணும் கிடைத்திருக்கிறது.

ஐயா, டாக்டரிடம் போகும்போது நான் ஏதாவது தயாராக வைத்திருக்கவேண்டுமா? அங்கே போய் "ஒன்றுமில்லை" என்று சொல்லி எழுந்து வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பழைய வயர்லெஸ்காரன் எழுதியது:

நர்ஸம்மா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அரை மனசோடு. ஆறு வாரம் ஒப்பியுங்கள், அப்புறம் ஒவ்வொரு கதவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். போதுமா அம்மா?

தம்பி, டாக்டருக்கு நீங்கள் எழுதவேண்டாம். அண்ணனையே எழுதச் சொல்லுங்கள். "எப்படி இருக்கிறது" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். ஒரு வாரத்துக்கு ரோந்து அறிக்கை மாதிரி குறித்துத் தரச் சொன்னால் சுத்தமாக எழுதுவார்: படுத்த நேரம், எழுந்த நேரம், எதைக் கேட்டு எழுந்தார், என்ன செய்தார், திரும்பப் படுத்தது எப்போது. கருத்து எதுவும் வேண்டாம், கண்டதை மட்டும் எழுதினால் போதும். டாக்டருக்கும் அதுதான் தேவை. காத்திருக்கும் இடத்தில் வாசல் தெரிகிற நாற்காலியை அவருக்கு விடுங்கள், கூட்டமில்லாத முதல் நேரமாக வாங்குங்கள்.

கடைசிப் பக்கத்தில் வெடிகளையும் எழுதச் சொல்லுங்கள். எத்தனை தடவை வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்தார், எப்போதாவது நினைவு தப்பியதா, பிறகு தலைவலி எத்தனை நாள் இருந்தது, பயிற்சியில் பட்டதையும் சேர்த்து. வெடியதிர்ச்சிக்கு ஆளான படைவீரர்களின் மூளையை இறந்த பிறகு ஆராய்ந்து 2016ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. அதில் கண்ட தழும்புகள் வழக்கமான ஸ்கேனில் தெரியாதவை. ஆகவே ஸ்கேன் சுத்தமாக வந்தால்கூட அந்தப் பக்கத்தை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.