புதுப்பிப்பு: ஓலைப் படகு வகுப்பு

போன பதிவில் சொன்னது: நாலு பிள்ளைக்கு ஒரு பனை ஓலை, 30 நிமிடம், புளியங்கொட்டை சுமக்கும் படகு. அதற்குப் பலரும் கேட்டது, "எல்லாக் குழுவும் ஒரே வள்ளத்தைத்தானே செய்கிறது?"

மாதிரிப் படகை மேசையில் வைக்கச் சொன்னது எங்கள் பிழை. பார்த்த வடிவத்திலேயே கை நின்றுவிடும். அதை எடுத்துவிடுங்கள். முதல் 5 நிமிடம் பேச்சில்லாமல் தனித்தனியே வரையட்டும். குழுவாகத் தொடங்கினால் முதலில் வாய் திறந்த பிள்ளையின் யோசனைதான் படகாகும். பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வள்ளம் கண்ணிலேயே இருக்கும் என்பதால் ஒரு நிபந்தனையும் வேண்டும்: முன்னும் பின்னும் கூராக இருக்கக் கூடாது. அப்போதுதான் வட்டத் தட்டு, இரட்டை மிதவை எல்லாம் வரும்.

காய்ந்த ஓலை மடிப்பில் முறியும். குருத்தோலை நல்லது, இல்லையென்றால் முந்தின இரவே ஊறப்போடுங்கள். ஈர்க்கை வீச வேண்டாம், மடிப்பில் குத்தி நிறுத்த அதுதான் ஊசி.

படகை மிதக்கவிடும் எல்லாச் சட்டியிலும் ஒரே வகைத் தண்ணீர் ஊற்றுங்கள். கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது; 40 கொட்டை தாங்கும் படகு அதில் இன்னொன்றும் தாங்கலாம், சண்டை வரும். (அந்தச் சண்டையே அடுத்த வகுப்புக்கு நல்ல கேள்விதான்.)

அதிகக் கொட்டைக்குப் பரிசு வேண்டாம். கொடுத்தால் இரண்டாம் சுற்றில் எல்லாரும் ஜெயித்த படகையே நகலெடுப்பார்கள்.