டேக்குகளை ஒட்டினால் சுருதி பொருந்தவில்லை

கடைசிவரிசை:
எங்கள் சேர்ந்திசைக் குழுவில் சோப்ரானோ, ஆல்டோ (பெண்குரல்கள்), டெனர், பாஸ் (ஆண்குரல்கள்) தலா நால்வர்; பக்கவாத்தியம் கிடையாது. பாடல் 6 நிமிடம். முதல் டேக்கில் (ஒருமுறை பாடிய பதிவில்) தொடக்கம் நன்றாக இருக்கிறது, மூன்றாவதில் முடிவு. இரண்டையும் ஒட்டினால் தையல் பளிச்சென்று தெரிகிறது. சுருதித் திருத்த மென்பொருள் போதுமா? இல்லை, கச்சேரிப் பதிவையே ஆல்பமாக்கலாமா? விருதுக்கு அனுப்பும் எண்ணமும் உண்டு.

இசைக்கவை:
மென்பொருள் கடைசி வழி. சுமார் 10 சென்ட் (பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளியான அரைச்சுரம் 100 சென்ட்) ஏற்றினால் காது பொறுக்கும். அதற்கு மேல் போனால் அரங்கின் எதிரொலியும் சேர்ந்து இழுபடும், குரல் தகரமாகிவிடும்.

பாடப் பாடச் சுருதி கீழே சரிவது ஏன்? ஏறும்போது சுரத்தை முழுதாக எட்டுவதில்லை, இறங்கும்போது ஒரு மயிரிழை கூடுதலாக இறங்குகிறார்கள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடம் இன்னும் மோசம். பாடலை அரைச்சுரம் மேலே ஏற்றிப் பாடிப் பாருங்கள்; வேடிக்கைதான், ஆனால் பல குழுக்களுக்கு அதிலேயே சரிவு குறைந்துவிடும்.

ஒட்டுத்துண்டு எடுக்கும்போது இசைக்கவையில் சுருதி கொடுக்காதீர்கள். எந்த டேக்கோடு ஒட்டப் போகிறீர்களோ, அதில் அந்த இடத்தை ஒலிக்கவிட்டு அதிலிருந்து சுருதி எடுங்கள். வெட்டுமிடத்துக்கு இரண்டு பார் (தாள வட்டம்) முன்பிருந்தே பாட வேண்டும். முந்தைய சுரங்களின் எதிரொலி அரங்கில் மிதந்தால்தான் தையல் மறையும். வெட்டை மூச்சு இடைவெளியில் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். க், ட், ப் போன்ற வெடிப்பொலி தொடங்கும் இடமே பத்திரம்.

மைக்தண்டு:
கச்சேரிப் பதிவில் ஒரு சிக்கல்: ஆட்கள் நிறைந்த அரங்கில் எதிரொலி சுருங்கிவிடும். காலி அரங்கில் எடுத்த ஒத்திகையிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினால் வேறு அறை போலக் கேட்கும்.

மைக் ஓ.ஆர்.டி.எஃப். என்ற ஸ்டீரியோ முறையிலா? இரண்டு கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் மைக்), 17 செ.மீ. இடைவெளி, இடையே 110 பாகைக் கோணம். முன்வரிசையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, 3 மீட்டர் உயரத்தில் தொடங்குங்கள். தாழ வைத்தால் முன்வரிசை மட்டும் துருத்தும். உயர்த்த உயர்த்த முன், பின் வரிசைகளின் தூரம் சமமாகும். அதிகம் தள்ளினால் சொற்கள் கரையும்.

நடுக்குரல்:
விருது பற்றி. இங்கிலாந்தின் டாலிஸ் ஸ்காலர்ஸ் சுமார் பத்துப் பேர் பாடும் சிறு குழுதான். மறுமலர்ச்சிக்கால இசையமைப்பாளர் ஜோஸ்கானின் இரண்டு மாஸ் (கத்தோலிக்கத் திருப்பலி) இசைகளைப் பதிந்து 1987இல் கிராமபோன் இதழின் ஆண்டின் சிறந்த பதிவு விருதைப் பெற்றார்கள். பிலடெல்பியாவின் தி கிராஸிங் குழு 2018, 2019, 2023, 2025 நான்கு முறையும் சமகாலப் படைப்புகளுக்குத்தான் கிராமி வாங்கியது. பத்துப் பாடல்களின் கதம்பத்தைவிட ஒரே இழையில் கோத்த ஆல்பம் எடுபடும்.

கடைசிவரிசை:
அப்படியானால் மறுபடி எடுக்கிறோம். 3 மணி நேரம் போதுமா?

மைக்தண்டு:
15 நிமிட இசைக்குப் போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கடைசிச் சுரத்துக்குப் பின் 6 விநாடி யாரும் தாளைத் திருப்பக் கூடாது. ஏசியை அணைத்துவிட்டு, வெறும் அரங்கின் அமைதியையும் 30 விநாடி பதிந்து வையுங்கள். எடிட்டில் இடைவெளி நிரப்ப அதுதான் கைகொடுக்கும்.