துருவ முறை டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டரில் ஸ்பெக்ட்ரம் கசிவது ஏன்?

கேள்வி:
வணக்கம். முதுகலைத் திட்டத்துக்காக, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகல வைஃபை சிக்னலை அனுப்பும் டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைத் துருவ முறையில் (சிக்னலின் வீச்சையும் கட்டத்தையும், அதாவது அலையின் அளவையும் கோணத்தையும், தனித்தனிப் பாதைகளில் அனுப்பி இறுதியில் இணைக்கும் முறை) வடிவமைத்து வருகிறேன். மின்சாரப் பயன்திறன் நன்றாக இருக்கிறது. ஆனால் சிமுலேஷனில் பக்கத்துச் சேனல்களுக்குள் ஸ்பெக்ட்ரம் கசிகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் 1:
வீச்சுப் பாதைக்கும் கட்டப் பாதைக்கும் இடையிலான தாமத வேறுபாட்டை முதலில் பாருங்கள். ஐ, க்யூ (ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகிய, சிக்னலின் இரு கூறுகள்) இரண்டிலிருந்து வீச்சையும் கட்டத்தையும் கணக்கிடுவது நேரியல் அல்லாத செயல் என்பதால், அந்த இரு பாதைகளிலும் சிக்னலின் அலைவரிசை அகலம் பல மடங்கு பெருகிவிடுகிறது. சிக்னல் பூஜ்ஜியத்தை ஒட்டிச் செல்லும்போதெல்லாம் கட்டம் ஏறத்தாழ 180 டிகிரி தாவுவதால், வீச்சு ஒரு நானோவினாடி பிந்தினாலும், இரண்டும் இணையும்போது அந்த அகன்ற பகுதிகள் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் வெளியே தெரிந்துவிடும். ஒரு பாதையின் தாமதத்தைச் சிறு படிகளாக மாற்றி, கசிவு எங்கே மிகக் குறைகிறது என்று பாருங்கள்.

பதில் 2:
கசிவு சேனலை ஒட்டி இல்லாமல், மாதிரி விகிதத்தின் (வினாடிக்கு எத்தனை மாதிரி மதிப்புகள் என்ற அளவு) மடங்குகளில் தள்ளித் தெரிந்தால், அது டிஜிட்டல்-அனலாக் மாற்றியின் பிம்பமே, அதாவது சிக்னலின் தேவையற்ற நகலே. இவ்வகை அமைப்பில் அனலாக் வடிகட்டி இல்லாததால், மாதிரி விகிதத்தை உயர்த்துவதே முதல் வழி.

பதில் 3:
பிற்பாடு 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், 25 சதவீதக் கடிகாரத் துடிப்புகளில் (ஒவ்வொரு சுற்றிலும் கால் பங்கு நேரம் மட்டும் நீடிப்பவை) இயங்கும் ஐ-க்யூ அமைப்பையே, அதாவது ஐ, க்யூ இரண்டையும் வீச்சாகவும் கட்டமாகவும் மாற்றாமல் நேரடியாகப் பயன்படுத்தும் அமைப்பையே, பரிந்துரைப்பேன். மின்சாரப் பயன்திறன் சற்றுக் குறைந்தாலும், அகலம் பெருகும் தொல்லை அதில் இல்லை.