பெர்ஃப்: 127 வரம்பை மாற்ற முடியவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, லினக்ஸில் பெர்ஃப் (நிரல் எங்கே நேரம் செலவிடுகிறது என்று அளக்கும் கருவி) பயன்படுத்துபவர்கள் யாராவது கை கொடுங்கள்.

நான் எழுதிய பார்சர் (உரையைப் பகுத்துப் படிக்கும் நிரல்) தன்னைத்தானே அழைத்துக்கொண்டு 300, 400 படி ஆழம் போகும். ஃபிரேம் பாயின்டர் (ஒவ்வொரு அழைப்பும் தன்னை அழைத்தது எது என்று காட்டும் சுட்டி) வைத்துப் பதிவு செய்தால் ஒவ்வொரு சாம்பிளிலும் 127 ஃபிரேமோடு ஸ்டாக், அதாவது அழைப்புகளின் அடுக்கு, நின்றுவிடுகிறது; ஒரு ஃபிரேம் என்பது ஓர் அழைப்பு. வெட்டுப்படுவது அடிப்பக்கம், அதாவது நிரல் தொடங்கும் மெயின் ஃபங்ஷன் இருக்கும் பக்கம். ஃபிளேம்கிராஃப் (அழைப்புகளை அடுக்கிக் காட்டும் படம்) வரைந்தால் ஒரே மரமாக வர வேண்டியது வேரில்லாத துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது.

இந்த 127 முன்பு லினக்ஸின் மையமான கர்னலிலேயே பதிக்கப்பட்ட எண். 2016-இல் வந்த கர்னல் பதிப்பிலிருந்து 'பெர்ஃப் ஈவென்ட் மேக்ஸ் ஸ்டாக்' என்ற அமைப்பில் மாற்றலாம். சரி என்று ரூட்டாகப் போய் 1024 கொடுத்தேன். 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று முகத்தில் அறைந்தது! ஸ்டாக்கோடு பதிவாகும் ஈவென்ட் (பெர்ஃப் அளவீடு) ஒன்று ஓடினாலும் கர்னல் மாற்ற விடாது, ஸ்டாக்கை எழுதும் பஃபரை ஏற்கெனவே அந்த அளவில் ஒதுக்கியிருக்கும் என்பது புரிகிறது. ஆனால் என் பெர்ஃப் எதுவும் ஓடவில்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வர், ரீபூட் செய்தால் திட்டு விழும்.

எந்த பிராசஸ் பிடித்துவைத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், ஃபிரேமுக்கு 8 பைட் என்றால் 1024-க்கு ஒரு சாம்பிளே 8 கேபி வருமே, யாராவது இந்த அளவில் ஓட்டியிருக்கிறீர்களா? சாம்பிள் தவறியதா?

ட்வார்ஃப் முறையும் (ஸ்டாக் நினைவகத்தை நகலெடுத்துவைத்துப் பிறகு அழைப்புகளைப் பிரித்தெடுப்பது) பார்த்தேன். ஃபைல் ஊதிப்போகிறது, வேண்டாம்.